கரியும் கோதுமையும் இறங்கிய கரைகள்

திங்கள், லண்டன் கிங்ஸ் கிராஸ்

கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து வடக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் ரீஜென்ட்ஸ் கால்வாய் குறுக்கிடுகிறது. பாலத்தைக் கடந்ததும் கிரானரி சதுக்கம். வரைபடம் வரைவது என் தொழில். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் பழைய அளவை வரைபடம் ஒன்றை அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த தாளைச் சதுக்கத்தின் நடுவே நின்று விரித்துப் பார்த்தேன். என் கால் நின்ற இடம் அதில் நீலமாக இருந்தது. இங்கே கால்வாயிலிருந்து உள்ளே வெட்டிய படகுத்துறை ஒன்று இருந்தது.

எதிரே நிற்கும் ஆறு மாடிக் கட்டடம் 1852இல் எழுந்த தானியக் கிடங்கு. கிங்ஸ் கிராஸ் நிலையத்தை வடிவமைத்த லூயிஸ் கியூபிட்தான் இதையும் வடிவமைத்தார். லிங்கன்ஷயரின் கோதுமை ரயிலில் வந்து இங்கே இறங்கும். லண்டனின் ரொட்டிக்கடைகளுக்குப் படகிலும் வண்டியிலும் கிளம்பும். ரயில் வந்ததால் கால்வாய் செத்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இந்த இடத்தைப் பார்த்தால் அது முழு உண்மையாகத் தெரியவில்லை. பல பத்தாண்டுகள் ரயிலும் படகும் ஒரே கூரையின் கீழ்ச் சரக்கைக் கைமாற்றிக்கொண்டிருந்தன.

மேற்கே நீளமான செங்கல் கட்டடங்கள் இரண்டு ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. இவைதான் கோல் டிராப்ஸ். வடக்கிலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் ரயில் பெட்டிகள் மேல்தளத்தில் வந்து நிற்கும். அடிப்பலகையைத் திறந்தால் கரி கீழ்த்தளத் தொட்டியில் விழும். அங்கே மூட்டை கட்டிக் குதிரை வண்டியில் ஏற்றுவார்கள். கரி வணிகம் ஓய்ந்த பிறகு கிடங்குகளாகவும், 1990களில் இரவு நடன விடுதிகளாகவும் இவை காலம் தள்ளின. 2018 அக்டோபரில் கடைத்தெருவாகத் திறந்தபோது, வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக் இரண்டு கட்டடங்களின் கூரைகளையும் வளைத்து நடுவானில் தொட்டுக்கொள்ளச் செய்திருந்தார். கூரை அழகுதான். என்றாலும் என் கண் அதைவிட அதிக நேரம் கீழே தரையில்தான் இருந்தது. தேய்ந்த கருங்கல் தளக்கற்களை எடுத்து எறியாமல், புரட்டிச் சீர்செய்து, திரும்பப் பதித்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் ஓடிய தடம் சில இடங்களில் கைக்குத் தட்டுப்படுகிறது.

இந்த நிலம் மொத்தம் 67 ஏக்கர். கால்வாயின் இரு கரையிலும் எரிவாயு ஆலை, கரிக்கிடங்கு, சரக்கு ரயில் தளம் என்று விரிந்து கிடந்து, தொழில் போனபின் ஆளரவம் குறைந்த இடம். கடலுக்கு அடியிலுள்ள ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வழியாக ஐரோப்பாவுக்குச் செல்லும் ரயில் பக்கத்துச் செயின்ட் பான்க்ராஸில் முடியும் என்று முடிவான பிறகுதான் நிலத்துக்கு உயிர் வந்தது. ஆர்ஜென்ட் என்ற கட்டுமான நிறுவனம் பல ஆண்டுகள் உள்ளூர்க் கூட்டங்களில் உட்கார்ந்து பேசியது. கேம்டன் கவுன்சில் 2006இல் ஒட்டுமொத்தத் திட்டத்துக்கு அனுமதி தந்தது. அந்த அனுமதியில் எனக்குப் பிடித்த ஒரு கூறு உண்டு. தெருக்களும் சதுக்கங்களும் எங்கே என்பதை இறுக்கமாகக் கட்டினார்கள். எந்த மனையில் அலுவலகம், எதில் வீடு என்பதை ஓரளவு நெகிழ்வாக விட்டார்கள். 2008இல் பொருளாதாரம் சரிந்தபோது, வரிசையை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர இந்த நெகிழ்வு இடம் கொடுத்தது.

வரிசைதான் இன்று நான் கவனிக்க வந்த விஷயம். 2011இல் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி தானியக் கிடங்குக்குள் குடிவந்தது. 2012இல் சதுக்கம் திறந்தது. பெரிய அலுவலகங்களும் மிக விலை உயர்ந்த வீடுகளும் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வந்தவை. பெரிய வாடகை வருமுன்பே மாணவர்களும் குழந்தைகளும் வந்துவிட்டார்கள். சதுக்கத்தின் தரையில் 1,080 நீர்த்துளைகள். ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. இன்று வெயில் சுமாராகத்தான் இருந்தது, ஆனாலும் பிள்ளைகள் முழுக்க நனைந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். சதுக்கத்திலிருந்து கால்வாய்க்கு இறங்கும் அகலமான படிகளில் மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். எதுவும் வாங்கவில்லை, யாரும் எழுப்பவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. இந்தச் சதுக்கமும் தெருக்களும் பார்வைக்கு ஊர்ப்பொதுவாகத் தோன்றினாலும், நிர்வாகம் தனியார் கையில். இங்கே சில கேமராக்களில் முகம் அறியும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது 2019இல் வெளியே தெரிந்தது. தகவல் பாதுகாப்பு ஆணையர் விசாரணை தொடங்கினார். அந்த ஏற்பாடு முன்பே நின்றுவிட்டது, மறுபடி கொண்டுவரும் எண்ணம் இல்லை என்று நிர்வாகம் அறிவித்தது. யாரும் எழுப்பாத படிக்கட்டு என்று எழுதினேன். எழுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் அந்தப் படிக்கட்டின் ஒரு பகுதி.

செவ்வாய், அதே கால்வாய்

காலையில் எரிவாயுத் தொட்டிகளைப் பார்க்கப் போனேன். நிலக்கரியைச் சுட்டுக் கிடைக்கும் வாயுவை இரவு விளக்குகளுக்காகச் சேர்த்து வைத்த பிரம்மாண்டமான இரும்புத் தொட்டிகள். உள்ளே வாயு ஏற ஏறத் தொட்டி உயரும், குறையக் குறைய இறங்கும். அதை நேராகப் பிடித்துக்கொள்வதற்குத்தான் சுற்றிலும் வார்ப்பிரும்புத் தூண்கள். இன்று எஞ்சியிருப்பது அந்தத் தூண்கூடுகள். ரயில் பாதைக்காக 2001இல் இவற்றில் மூன்றைக் கழற்றினார்கள், இன்னொன்றைப் பின்னால் கழற்றினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் சாயம் சுரண்டி, விரிசல் அடைத்து, கால்வாயின் வடகரையில் திரும்ப நிறுத்தினார்கள். எட்டாம் எண் தொட்டி 2015இல் பூங்காவானது. நடுவில் புல்வெளி, சுற்றிலும் பளபளப்பான உலோகத் தாழ்வாரம். ஒன்றோடொன்று தோள் பிணைந்த 10, 11, 12 எண் தொட்டிகளுக்குள் 145 வீடுகள் இருக்கின்றன.

ஒரே வகைப் பொருள், இரண்டு விதமான முடிவு. வீடுகள் உள்ள கூட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்தேன். பூங்காவின் கூட்டுக்குள் ஒரு முதியவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார், ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதுதான் எனக்கு உவப்பு. ஆனால் மூன்று கூடுகளையும் பூங்காவாக விட்டிருந்தால் இரும்பைச் செப்பனிடும் செலவை யார் கொடுத்திருப்பார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

எரிவாயு ஆலை இருந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். கரியைச் சுட்டால் வாயுவோடு தாரும் அம்மோனியாவும் சயனைடு கலந்த கழிவும் வரும். அந்தக் காலத்தில் பள்ளம் கண்ட இடத்தில் கொட்டி மூடினார்கள். ஆகவே இப்படிப்பட்ட நிலத்தில் முதல் செலவு மண்ணுக்குத்தான். துளையிட்டுச் சோதித்து, கெட்ட மண்ணைத் தோண்டி அகற்றியோ அங்கேயே சுத்தம் செய்தோ, மேலே நல்ல மண் பரப்பி முடித்தபிறகே அஸ்திவாரம். விற்பனைச் சிற்றேட்டில் இந்தச் செலவுக்குப் படம் இருக்காது. குறைந்த வாடகை வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் கோரும் பேச்சுவார்த்தைகளில் மட்டும் அது முதல் வரியில் வந்து நிற்கும்.

எதிர்க்கரையில் கேம்லி தெரு இயற்கைப் பூங்கா. இதுவும் கரிக்கிடங்குதான், ஆள் நடமாட்டம் நின்றதும் செடிகள் தாமாக ஏறிக்கொண்டன. 1980களின் தொடக்கத்தில் அதை வாகன நிறுத்துமிடம் ஆக்கும் திட்டம் வந்தபோது சுற்றுப்புற மக்களும் லண்டன் வனவிலங்கு அறக்கட்டளையும் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். 1985இல் திறந்தது. இரண்டு ஏக்கர்தான். 67 ஏக்கர் திட்டத்துக்கு வித்து போடுவதற்கு வெகுகாலம் முன்பே, அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் பிள்ளைகள் இங்கே தவளை பார்க்க வந்தார்கள். 2017இல் கட்டிய நடைபாலம் இரண்டு கரைகளையும் இணைக்கிறது. கிங்ஸ் கிராஸின் மறுவாழ்வு என்றதும் எல்லோரும் 2006லிருந்து தொடங்குகிறார்கள். நான் 1985லிருந்து தொடங்குவேன்.

கரைப்பாதையில் கிழக்கே நடந்தேன். படகை இழுக்கும் குதிரைகளுக்காகப் போட்ட பாதை இது. பழைய பாலங்களின் மூலையில் பொருத்திய இரும்புத் தகடுகளில் கயிறு அறுத்த பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன. விரல் வைத்தால் முதல் கணு வரை உள்ளே போகிறது. தண்ணீரில் தவறி விழும் குதிரை ஏறிவரச் சரிவுகள்கூடக் கட்டியிருக்கிறார்கள். காலடியில் இன்னொரு அதிசயம் ஓடுகிறது: 1979இல் இந்தப் பாதைக்குக் கீழே உயரழுத்த மின்கம்பிகளைப் புதைத்தார்கள், அவற்றின் சூட்டைத் தணிக்கக் கால்வாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். சரக்கு நின்ற பிறகும் கால்வாய்க்கு வேலை இருந்திருக்கிறது.

பேட்டில்பிரிட்ஜ் துறையில் கால்வாய் அருங்காட்சியகம். முன்பு இது கார்லோ காட்டி என்ற ஐஸ் வணிகரின் கிடங்கு. நார்வே ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் தேம்ஸுக்கு வந்து, படகில் இங்கே வந்து, ஆழமான கிணறுகளில் இறங்கும். அந்தக் கிணறு இன்னும் திறந்தே இருக்கிறது.

மாலையில் ஒரு படகுக்காரியோடு பேசினேன். ஏழடிகூட அகலம் இல்லாத ஒல்லிப் படகில் குடியிருக்கிறார். நிரந்தர நிறுத்துமிடம் இல்லாத படகுகள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். கால்வாய்களை 2012 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. 2024 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட படகுகளுக்கு உரிமக் கட்டணத்தின் மேல் கூடுதல் கட்டணமும் விதிக்கிறது. குளிர்காலத்தில் விறகடுப்புப் புகைக்காகக் கரையில் வீடு வாங்கியவர்கள் புகார் செய்கிறார்கள். "ஜன்னலிலிருந்து வண்ணப் படகு தெரியும் என்று சொல்லித்தான் அவர்களுக்கு வீட்டை விற்றார்கள். அந்தப் படகில் ஒருத்தி சமைப்பாள், குளிர் காய்வாள் என்று யாரும் சொல்லவில்லை" என்றார். இஸ்லிங்டன் பகுதியில் படகுகளுக்கு மின் இணைப்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். அதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது: புகையைக் குறை, படகை விரட்டாதே.

புதன், பர்மிங்காம்

பாதி நாள் ரயிலில் போய்விட்டது. கேஸ் தெருப் படகுத்துறையில் மட்டும் நின்றேன்.

1769இல் வெட்னஸ்பரிச் சுரங்கங்களிலிருந்து ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளரின் கால்வாய் இங்கே கரி கொண்டுவந்தது. ஊரில் கரி விலை ஏறக்குறையப் பாதியானது. பிறகு இங்கிருந்து வூஸ்டரை நோக்கி இன்னொரு நிறுவனம் கால்வாய் வெட்டத் தொடங்கியபோது, தன் தண்ணீர் அடுத்தவனுக்குப் போய்விடும் என்று பழைய நிறுவனம் இணைய மறுத்தது. இரண்டுக்கும் நடுவே சுமார் ஏழடி அகலத் தடுப்பு. 1815 வரை ஒரு படகிலிருந்து மறு படகுக்குச் சரக்கைக் கையால் தூக்கி மாற்றினார்கள். அந்தத் தடுப்பு இன்றும் துறையின் நடுவே நீண்டு கிடக்கிறது. அதன் மேல் நடக்கலாம். நடந்தேன்.

பக்கத்தில் பிரிண்ட்லிபிளேஸ். 1990களில் கட்டியது. கிங்ஸ் கிராஸைக் கட்டிய அதே ஆர்ஜென்ட் நிறுவனம்தான் இங்கே முதலில் கை பழகியது. சதுக்கம், அதைச் சுற்றி அலுவலகம், கீழே உணவகம், பழைய பள்ளிக் கட்டடத்தில் கலைக்கூடம் என்று பின்னாளில் லண்டனில் பார்க்கும் எல்லாமே இங்கே சின்ன அளவில் இருக்கின்றன. தண்ணீரோரம் கலகலப்பு. ஆனால் ஆறு மணிக்கு மேல் அலுவலகத் தெருக்கள் ஓய்ந்துவிடுகின்றன. வீடுகள் போதவில்லை என்பது நடக்கும்போதே தெரிகிறது.

வியாழன், போர்ட் லூப்

பிரிண்ட்லியின் கால்வாய் மேட்டைச் சுற்றிச் சுற்றி வளைந்து போனது. 1820களில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் வந்து, மேட்டை வெட்டி, நேர்கோடாகப் புதுப்பாதை போட்டார். பழைய வளைவுகள் பக்கத்தில் காதுபோலத் தொங்கி நின்றன. அவற்றின் கரையில் தொழிற்சாலைகள் ஏறின. அப்படி ஒரு வளைவுதான் இக்னீல்ட் போர்ட் லூப். வளைவுக்கும் நேர்ப்பாதைக்கும் இடையே அகப்பட்ட நிலம் ஒரு தீவு. கால்வாய்க்குத் தண்ணீர் தர டெல்ஃபோர்ட் பெரிதாக்கிய எட்ஜ்பாஸ்டன் நீர்த்தேக்கம் அணைக்கட்டோடு பக்கத்திலேயே நிற்கிறது.

தீவையும் அதைச் சுற்றியுமான 43 ஏக்கரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டம் நடக்கிறது. அர்பன் ஸ்பிளாஷ், பிளேஸஸ் ஃபார் பீப்பிள் என்ற இரு நிறுவனங்களோடு நகராட்சியும் கால்வாய் அறக்கட்டளையும் பங்காளிகள். இங்கே முதலில் எழுந்தவை உயரமான அடுக்ககங்கள் இல்லை. வாசல் தெருவைப் பார்த்த, பின்பக்கம் பொதுத்தோட்டம் உள்ள வரிசை வீடுகள். நகர மையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் குழந்தையோடு குடியிருக்க வீடு கட்டுகிறவர்கள் குறைவு. ஒரு படுக்கையறை அடுக்ககம் கட்டினால் லாபம் சுலபம். ஆகவே இந்த வீடுகளைப் பார்த்ததும் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. தோட்டத்தில் சைக்கிள்கள் விழுந்து கிடந்தன, ஒரு வாசலில் தக்காளிச் செடி.

முதல் கட்ட வீடுகளில் ஒரு பகுதியைத் தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்தினார்கள். யோசனை சிறப்பானது. ஆனால் தொழிற்சாலையின் அன்றாடச் செலவு, வீடு விற்கிறதோ இல்லையோ, நிற்காது. அந்த வீடுகளைத் தயாரித்த துணை நிறுவனம் 2022இல் நொடித்துப்போனது. மனைகள் பல இன்னும் வேலிக்குள் இருக்கின்றன. முன்னதாகக் குடிவந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தூசியும் லாரியும் பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள். இத்தகைய திட்டங்களை 'முடிந்த' படத்தை வைத்து மதிப்பிடுவது நியாயமில்லை. முடிவதற்கு முன் அங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே கரைப்பாதை திறந்திருக்கிறது, பூங்கா இருக்கிறது, நீச்சல் குளத்தோடு புதிய லேடிவுட் உடற்பயிற்சி மையம் வந்துவிட்டது. அந்தக் குளம் புதுவீட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியது இல்லை, பக்கத்துப் பகுதியான லேடிவுட்டின் பழைய தெருக்களுக்கும் சேர்த்து. மதியம் பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஈரத் துவாலையோடு பாலத்தைக் கடந்து லேடிவுட் பக்கம் போவதைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் ரவுண்ட்ஹவுஸ். 1874இல் நகராட்சி கட்டிய லாடவடிவக் கட்டடம். வண்டிக் குதிரைகளுக்கும் சாலைச் சரக்குக்கும். 2021இல் மறுபடி திறந்து, கால்வாய்ச் சுற்றுலாக்களுக்கான இடமாக இருக்கிறது.

வெள்ளி, மான்செஸ்டர் ஆன்கோட்ஸ்

ரோச்டேல் கால்வாய் 1804இல் முழுதாகத் திறந்தது. அதன் கரையில் நிற்கும் மரே ஆலையின் பழைய பகுதி 1798இல் கட்டியது. நீராவியால் ஓடிய பஞ்சாலைகளில் இன்றும் நிற்கும் மிகப் பழையவற்றில் ஒன்று. நான்கு புறமும் ஆலை, நடுமுற்றத்தில் ஆலைக்கே சொந்தமான படகுத்துறை, அதற்குத் தெருவுக்குக் கீழே சுரங்கவழி. இப்போது வீடுகள்.

கால்வாயின் கதை இங்கே மற்ற இரண்டு ஊர்களைவிடக் கசப்பானது. 1952இல் இதன் பெரும்பகுதியை மூடினார்கள். 1970களில் இந்தக் கிழக்குப் பகுதியில் குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்று கால்வாயை நிரப்பி, மேலே சில அங்குலம் மட்டும் தண்ணீர் ஓடும்படி ஆக்கினார்கள். தோண்டியெடுத்து 2002இல் முழு நீளத்துக்கும் மறுபடி படகு விடுவதற்குத் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் கார்ட்ரூம் என்ற நகராட்சிக் குடியிருப்பு இருந்தது. 2000களின் தொடக்கத்தில் அதை நியூ இஸ்லிங்டன் என்ற பெயரில் புதுப்பிக்கத் தொடங்கியபோது, பெயரைத் தேர்ந்தவர்களும் முதல் வீடுகளுக்கு வடிவமைப்பாளரைத் தேர்ந்தவர்களும் அங்கே குடியிருந்தவர்களே. அந்த 23 வீடுகள் கொண்ட வரிசையைத் தேடிப் போய்ப் பார்த்தேன். முகப்பு முழுக்க வண்ணச் செங்கல் கோலம், வளைவு நெளிவான மேல்விளிம்பு. கட்டடக்கலைப் பத்திரிகைகள் இவற்றைப் பற்றி நிறையச் சண்டை போட்டன. எனக்கு முக்கியமாகப் பட்டது, இடிபட்ட தெருவில் இருந்தவர்களுக்கு முதலில் வீடு கட்டினார்கள் என்பதுதான். இந்தப் பயணத்தில் பார்த்த எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் எனக்கு நிறைவான பதில்.

2008இல் பணம் வற்றியது. ஆண்டுக்கணக்கில் காலி மனைகள். ஆனால் ரோச்டேல், ஆஷ்டன் கால்வாய்களுக்கு இடையே புதிதாகத் தோண்டிய படகுத்துறையும், நாணலும் பழமரங்களும் உள்ள காட்டன் ஃபீல்டு பூங்காவும் அந்த ஆண்டுகளில் உருவாகியிருந்தன. கட்டடம் வராத காலத்தில் இந்த இடத்தைத் தாங்கியது அந்தத் தண்ணீரும் புல்லும்தான். பிறகு வீடுகள் வேகமாக எழுந்தன, வாடகையும் எழுந்தது. ஆன்கோட்ஸில் கட்டிய அடுக்ககங்கள் பலவற்றில் குறைந்த வாடகை வீடுகளே இல்லை என்ற குற்றச்சாட்டு வலுவானது. லாபம் போதாது என்று கணக்குக் காட்டி விலக்குப் பெற விதிகள் இடம் தந்தன. அண்மையில் நகராட்சியே சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, சிலவற்றுக்கு வாடகை வரம்போடு வீடுகள் கட்டுகிறது.

பூங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், தொடக்கப் பள்ளிக்குப் பக்கத்தில், பெரிய வெற்றுமனை ஒன்று. பழைய கடைவளாகம், நகராட்சி 2017இல் வாங்கியது. தற்காலிகமாகக் கார் நிறுத்துமிடம் ஆக்க அனுமதி தந்தபோது உள்ளூர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள்; 2021இல் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. இப்போது அரசு அலுவலக வளாகமும் கொஞ்சம் பசுமையும் என்பது திட்டம். வேலியோரம் குழந்தையை அழைத்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாவிடம் கேட்டேன். பூங்கா கடைசிக் கட்டத்தில்தான் வருமாம் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார், அதற்குள் தன் மகள் பள்ளியை முடித்துவிடுவாள் என்றார். கிங்ஸ் கிராஸில் சதுக்கம் முதலில் வந்தது, இதே ஆன்கோட்ஸில் பூங்கா முதலில் வந்தது. இங்கேயும் மரங்களை முதலில் நடச் சொல்லிக் கேட்க அவர்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.